சித்தி கூட்டணியில் ஒரு வேவுக்காரன்

உலகத்தில் இதுவரை பிறந்த படைத்தளபதிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தினாலும், சலவைக்கடை சித்தி முன்னால் ஒருத்தருக்கும் வாய் திறக்க வராது. பகலில் அவள் கையில் நீராவி இஸ்திரிப் பெட்டி. மற்ற நேரமெல்லாம் செல்போன் போர் விளையாட்டில் நாற்பது கோட்டைகள் சேர்ந்த ஒரு கூட்டணி. அந்தக் கூட்டணிக்கு அவள்தான் தலைவி.

சந்தேகம் அவளுக்குக் கூடவே பிறந்தது. பால்காரர் சிரித்தால் பாலை மோந்து பார்ப்பாள். கறையே இல்லாத சட்டை வெளுக்க வந்தால், "இதை எதுக்கு வெளுக்கப் போட்டான்?" என்று காலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வாரம் சோறே இறங்கவில்லை. எங்கே படை அனுப்பினாலும் எதிரிக் கூட்டணி முன்னாடியே வந்து காத்திருந்தது. உள்ளே இருக்கிற எவனோ காட்டிக்கொடுக்கிறான்.

அந்த நேரம் பார்த்து விளையாட்டுக் கம்பெனி ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அதுவரை கூட்டணியில் ஒருத்தர் படை நகர்ந்தால் அத்தனை பேருக்கும் தெரியும். இனி தலைவர் நினைத்தால் அதை மறைத்துவிடலாம். வேண்டுமா வேண்டாமா என்று கூட்டணிகளே பேசி முடிவு செய்ய வேண்டும்.

மதியம், போர்வை மூட்டைகளுக்கு நடுவில் போனை நிமிர்த்தி வைத்துச் சித்தி கூட்டம் போட்டாள். அதே கூட்டணியில் ஒரு சின்னக் கோட்டை வைத்திருந்த அக்கா மகன், மூட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"மறைக்கவே கூடாது தங்கச்சி," என்றார் லாரி டிரைவர் போனில். அவளோடு சேர்ந்து கூட்டணியை ஆரம்பித்தவர். "உன் படை மாட்டிக்கிட்டது தெரிஞ்சாத்தானே நான் ஓடி வர முடியும்? கண்ணைக் கட்டிக்கிட்டு எதுக்குக் கூட்டணி?"

"மறைச்சா யாருண்ணே கஷ்டப்படுவா? வேவு பாக்கறவன்தானே?"

போனில் லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டது.

"என்னையா சொல்றே?"

"நான் யாரு பேரையும் சொல்லலியே."

"சொல்லிட்டே," என்று போனை வைத்துவிட்டார்.

சித்தியின் கட்டைவிரல் 'நீக்கு' பொத்தானுக்குப் போனது. மனுஷன் ரோஷக்காரர். நீக்கினால் விளையாட்டுக்கு மட்டுமல்ல, கடைப் பக்கமே வரமாட்டார். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கோட்டைக்குக் காவல் நின்றவர் அவர்தான். 'காவல் நின்னாரா, அளவெடுத்தாரா?' என்றது அவள் மனசு.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"சித்தி, அவர் இல்ல. அவரை விட்ரு."

"நீ எப்படிச் சொல்றே?"

"நேத்து சாயங்காலம் நம்ம படை மாட்டினப்ப அவர் விளையாட்டுலயே இல்ல. லாரி ஓட்டிட்டிருந்திருப்பார். அவர் கோட்டை முழுக்கப் பனி மூடிக் கிடந்துச்சு."

"பனியா?"

"ஆமா. வெள்ளை வெளேர்னு."

சித்தி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"அதே நேரம் நானும் அந்தக் கோட்டையைத்தான் பாத்துட்டிருந்தேன். பொட்டுப் பனி இல்ல. ஆள் இல்லாத கோட்டை மேல பனி மூடறது எதிரி கண்ணுக்கு மட்டும்தான்டா தெரியும். நம்மாளுங்களுக்குத் தெரியாது."

அக்கா மகன் வாசலைப் பார்த்தான். வாசலை மறைத்து மூட்டை இருந்தது, மூட்டைக்கு இந்தப் பக்கம் சித்தி இருந்தாள்.

"சும்மா விளையாட்டுக்குத்தான் சித்தி..."

அவள் டிரைவர் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அண்ணே, தப்பு என்னுதுதான். வெச்சிடாதீங்க," என்று போனை அக்கா மகன் பக்கம் திருப்பினாள். "எதிரிப் பக்கமும் ஒரு கோட்டை வெச்சிருக்கியே, அங்கே உன் பேரு என்னன்னு அண்ணன்கிட்ட நீயே சொல்லு."