அக்காவுக்குத்தான் மூச்சு வாங்குது

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் அவள் சோபா அக்காதான். கிழிந்த சோபா, குழி விழுந்த குஷன், கால் ஆடும் நாற்காலி எல்லாம் அவள் கடைக்குத்தான் வரும். கடை கீழே, வீடு மேலே, நடுவில் செங்குத்தாக ஒரு மாடிப்படி. அவளும் அவள் தம்பியும்தான் முதலாளிகள், அவர்களேதான் தொழிலாளிகளும். உறையை வெட்டித் தைப்பது அக்கா. பழைய துணியை உரித்து, சட்டத்தின் அடியில் அகலப் பட்டையை விறைப்பாக இழுத்துக் கட்டி, ஸ்பிரிங் வைத்து, ஃபோம் ஒட்டி, உறையைப் போர்த்தி ஆணி அடிப்பது தம்பி.

இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்க வந்தவர்களிடம் அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசுவாள். அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

வாய்க்காரி என்று அவளைச் சொல்வார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். தம்பிக்கும் சேர்த்து அவளே பேசுவாள். "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது அவனைக் கேட்டால் அவன் அக்காவைப் பார்ப்பான். "ஆச்சு ஆச்சு" என்று பதில் தையல் மெஷின் பக்கமிருந்து வரும். ஐம்பதைத் தாண்டிய மனிதன், காதோரம் நரைத்தும் விட்டது. ஆனாலும் அம்மா போன அன்று புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்ற சின்னப் பயலாகவே அவள் கண்ணுக்குத் தெரிந்தான். அவனும் அதை மாற்ற மெனக்கெடவில்லை. அக்கா நிழலில் சுகமாகத்தான் இருந்தான்.

காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் வினை தொடங்கியது. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இதய டாக்டர் ஒரு பெண்மணி, அதிகம் சிரிக்காதவர். ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கிற வால்வு தடித்துச் சுருங்கிப் போயிருந்தது. பாதிகூடத் திறக்கவில்லை.

"இது மருந்துல சரியாகாது. ஒரு நாள் வால்வை மாத்தித்தான் ஆகணும். ஆனா இப்பவே வேணாம். இதயம் பலமா இருக்கு, இவருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, பாத்துக்கிட்டே இருப்போம். நடுவுல நடக்கும்போது மூச்சு வாங்கினா, தலை சுத்தினா, நெஞ்சை அடைச்சா, உடனே வரணும். அதுக்கப்புறம் தள்ளிப்போட்டா ஆபத்து."

"மாத்தறதுன்னா எப்படி?" என்றாள் அக்கா.

"இவருக்கு நெஞ்சைத் திறந்துதான் செய்யணும்."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வீடு வந்து சேர்வதற்குள், கேட்டதை எல்லாம் வெட்டித் தனக்குத் தோதான அளவில் ஒன்றைத் தைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கினால் நெஞ்சைத் திறப்பார்கள். வாங்காவிட்டால் திறக்க மாட்டார்கள். ஆகவே தம்பிக்கு மூச்சு வாங்கக் கூடாது. வாங்காமல் பார்த்துக்கொள்வது அக்கா பொறுப்பு. இது அசட்டுக் கணக்கு என்று அவளுக்கே தெரியாமல் இல்லை. அவள் ஒன்றும் முட்டாள் அல்ல. ஆனால் பயம் வந்து உட்கார்ந்துவிட்டால் புத்தி எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ஏறும்போது தம்பி பாதிப்படியில் நின்றான். கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இருடா, இருடா. எனக்கு மூச்சு வாங்குது."

"என்னக்கா ஆச்சு?"

"வயசாச்சு, வேற என்ன? கொஞ்சம் நில்லு."

அவன் நின்றான். அவள் 'தேறி' எழுந்தபோது அவனும் தேறியிருந்தான். தான் எதற்காக நின்றோம் என்பதே அவனுக்கு மறந்து போயிற்று. அன்றிலிருந்து அது வாடிக்கை ஆனது. மாடிப்படியில், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் ஏற்றத்தில், அவன் நடை தளர்வதற்கு ஒரு நொடி முன்னால் அக்கா இடுப்பில் கை வைத்து மூசு மூசு என்று இரைப்பாள். நடிப்பு பிரமாதம். ஒரு நாள் அவன் அவள் மீது இரக்கப்பட்டு அவள் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். இந்தச் சிக்கலை அவள் எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவனில்லாமல் தனியாகவே கடைத்தெருவுக்குப் போய் வந்தாள்.

வீட்டில் செய்ததையாவது மன்னிக்கலாம். கடையில் செய்ததை அவளே மன்னித்ததில்லை. பட்டை இழுப்பதுதான் அந்தத் தொழிலிலேயே மூச்சைப் பிடித்துச் செய்கிற வேலை. அதை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும். காரணம் வேண்டுமே? ஒரு நாள் அவன் கட்டி முடித்த சட்டத்தைக் கவிழ்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உன் இழுப்புல இப்பல்லாம் பிடிமானமே இல்லடா. தொங்குது பாரு."

அவன் பட்டையை விரலால் சுண்டினான். விண்ணென்று நின்றது. அக்கா முகத்தைப் பார்த்தான், மறுபடி பட்டையைப் பார்த்தான். பிறகு, "அப்படியாக்கா? சரி, நீயே கட்டிடு" என்று பட்டை இழுக்கும் இடுக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து பழைய ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். தன் விரல் சொன்னதை நம்பாமல் அக்கா சொன்னதை நம்பினான். நன்றாகக் கட்டிய பட்டைகளை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தோள் இற்றுப்போக மறுபடி கட்டினாள். அவன் பக்கம் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவில்லை. டாக்டர் கேட்பார், தம்பி அக்காவைப் பார்ப்பான், அக்கா சொல்லுவாள்: "ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லா ஓடியாடிட்டு இருக்கான்." ஒரு தடவை, கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் போகாமலும் விட்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வால்வு இன்னும் சுருங்கியிருக்கு. இதயத்தோட பலமும் முன்ன மாதிரி இல்ல, விளிம்புல நிக்குது. இவருக்குத் தொந்தரவு இருக்கா இல்லையான்னு எனக்கு நிச்சயமாத் தெரியணும். அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"நீங்க இல்லம்மா. அவர் சொல்லட்டும்."

தம்பி நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். அக்காவுக்குத்தான் மூச்சு வாங்குது. மாடி ஏறவே முடியல. அவங்களுக்காகத்தான் நான் ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு ஏறறேன். சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. அவங்களைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் எழுந்து வந்து அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்தார். அவள் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு மரமாக உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லையே!"

"நல்லாப் பாருங்க டாக்டர்" என்றான் தம்பி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. உங்களுக்கும் ஒண்ணும் இல்ல, அவருக்கும் ஒண்ணும் இல்லன்னா, முதல்ல அவரை நடக்க வெச்சுப் பாத்துடலாம்" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே சட்டையைக் கழற்றிவிட்டு அவன் நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டினார்கள். டிரெட்மில்லில் ஏறி நின்றான். "மெதுவா ஆரம்பிக்கும். போகப் போக வேகமும் ஏத்தமும் கூடும். முடியலன்னா உடனே சொல்லிடணும், சரியா?" என்றாள் மெஷின் பக்கத்தில் நின்ற பெண். தம்பி கதவுப் பக்கம் திரும்பினான். கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்ற அக்காவைத் தேடினான்.

அவன் சொல்ல மாட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு முட்டினாலும் சொல்ல மாட்டான். அக்கா சொல்லட்டும் என்று கண்ணாடியைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருப்பான். அவன் எப்போது நிற்க வேண்டும் என்பதை இத்தனை நாள் தான் முடிவு செய்து, அவனுக்குத் தெரியவேண்டியதை அவனுக்கே தெரியாமல் செய்துவிட்டாள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"வேணாம்! நிறுத்துங்க! அவனுக்குத்தான் மூச்சு வாங்குது. எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் நடிப்பு. படியில நிப்பான், ஏத்தத்துல நிப்பான், அவன் நிக்கறதுக்கு முன்னாடி நான் நின்னுடுவேன். வெயிட் தூக்க விடல, பட்டை இழுக்க விடல. வருஷக்கணக்கா இதேதான் டாக்டர். பாவி நான்தான்."

பின்னால் வந்த டாக்டர் முகம் சிவந்து போனது. "தொந்தரவு இருக்கிறவங்களை இதுல ஏத்தவே கூடாதும்மா! இங்கயே சுருண்டு விழுந்திருப்பாரு. இறக்குங்க அவரை."

தம்பி ஒயர்களோடு அப்படியே நின்றான்.

"அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையாக்கா?"

"இல்லடா."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

"அப்பாடா" என்றான் அவன். வாய்விட்டுச் சிரித்தான். திட்டியிருக்கலாம், ஒயரைப் பிய்த்து எறிந்திருக்கலாம். இந்த மனிதன் அப்பாடா என்கிறான். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அறுவை சிகிச்சையை டாக்டர் அதற்கு மேல் தள்ளவிடவில்லை. பக்கத்து வார்டுகளில் எல்லாம் சொல்லிச் சிரிக்கும்படி அக்கா நர்ஸுகளைக் கேள்வி கேட்டே துளைத்தாள். புது வால்வு சரியாகப் பொருந்தியது. தம்பி எழுந்து உட்கார்ந்தான், நடந்தான், வீட்டுக்கு வந்தான், மாடிப்படியை நிற்காமல் ஏறவும் செய்தான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "அக்கா இல்லன்னா இவன் ஏது?" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வாய்க்காரிக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குப் புரியவில்லை.

சில மாதம் கழித்து மறுபரிசோதனை. டாக்டர் படத்தைப் பார்த்தார்.

"வால்வு அருமையா வேலை செய்யுது. இதயத்தோட பலம்தான் முழுசாத் திரும்பல. பயப்பட வேணாம், மாத்திரையில சமாளிக்கலாம். ஆனா மூச்சைப் பிடிச்சு இழுக்கிற வேலை இனிமே வேணாம்."

தம்பி தலையை ஆட்டினான். அக்கா ஆட்டவில்லை.

"நான் மறைக்காம அன்னிக்கே சொல்லியிருந்தா, டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா அப்பவே செஞ்சிருந்தா, பலம் முழுசாத் திரும்பறதுக்கு வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்."

தம்பி, அக்கா பக்கம் திரும்பாமல், டாக்டரை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"அப்ப சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன் டாக்டர். எனக்கு ஊசின்னாலே பயம். ஊரைக் கூட்டியிருப்பேன்."

"பொய் சொல்றான்" என்றாள் அக்கா. "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வந்து படுத்திருப்பான்."

தம்பி குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லவில்லை.