அக்கா தோய்த்த கோட்டு

விடுமுறைக்கு வந்த பேத்தி தன் வெள்ளைக் கோட்டைக் கதிரையில் எறிந்தாள். பிணம் அறுத்துப் படிக்கும் அறையின் மருந்து வாடை மூக்கில் ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், நானும் இப்படி விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக் கிணற்றடியில், அக்கா என் கோட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவம் படிக்கக் கொழும்பா சென்னையா என்று மாதக்கணக்கில் யோசித்துச் சென்னைக்குப் போனவன் நான். எங்கள் பகுதியில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். அக்காவின் சீதன வயலை விற்றுத்தான் என்னை அனுப்பினார்கள். வயலை விற்ற உறுதிப் பத்திரத்தில் அவளே ஒப்பமிட்டாள்.

விடுதிக் கும்மாளத்தையும் கடற்கரை மாலைகளையும் நான் அவளிடம் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன்.

"அங்க பொம்புளப் புள்ளைகளும் படிக்கிறாங்களா, தம்பி?"

"ஓம். எங்கட வகுப்பில ஆறு பேர்."

அவள் கை நின்றது. பள்ளியில் என்னைவிடக் கெட்டிக்காரி. பெரியபிள்ளையானதும் அப்பா படிப்பை மறித்துவிட்டார்.

"கேட்டிருந்தா என்னையும் விட்டிருப்பாங்களா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் குனிந்து மறுபடி தோய்த்தாள். வயல் இல்லாதவளைப் பெண் கேட்டுக் கடைசிவரை யாரும் வரவில்லை.

"அம்மா, இதத் தோய்ச்சுத் தாங்க" என்று பேத்தி உள்ளே குரல் கொடுத்தாள்.

"உன்ட கோட்ட நீயே தோய்!" என்று கத்தினேன்.

பிள்ளை திகைத்துப்போனாள். எனக்கு அதை அன்று யாரும் சொல்லவில்லை.