நகர்ந்துகொண்டே போன பஸ் ஸ்டாப்

வால்புர்கா ஸ்டேலே ஒரு பஸ் ஸ்டாப்பைக் கட்டிப்பிடித்துத் தள்ளியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தின் மேட்டுத் தெருக்களில் பல வருடமாக பஸ் ஓட்டுகிறவன் நான். இங்கே யார் எதைச் செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்ற மிதப்பில்தான் அதுவரை இருந்தேன்.

வால்புர்கா முன்பு சாக்லேட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்தவள். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். சனிக்கிழமையானால் அவரவர் வீட்டு முன்னால் நடைபாதையைப் பெருக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். பெருக்காத வீட்டுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். மற்றவர்கள் பெருக்கிவிட்டு உள்ளே போவார்கள். இவள் பெருக்கி முடித்து, துடைப்பத்தைக் கழுவி, துடைப்பத்திலிருந்து சொட்டிய தண்ணீரையும் துடைத்துவிட்டுத்தான் போவாள்.

அவள் கணவர் ஒஸ்கார் பக்கவாதம் வந்து, கீழே நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தார். நர்ஸ் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டார். பூட்டுப் போட்ட மாதிரி மூடிக்கொள்வார். வால்புர்கா ஊட்டினால் மட்டும் குழந்தை மாதிரி சாப்பிடுவார். அதனால் தினமும் மதியம் பருப்பும் முட்டை நூடுல்ஸும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, தேய்ந்துபோன இடுப்போடு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரிய சாலை வரைக்கும் நடந்து வந்து என் பஸ்ஸில் ஏறுவாள்.

அந்த வசந்தத்தில் குழாய் பதிக்கிறோம் என்று பெரிய சாலையைத் தோண்டிப் போட்டார்கள். பஸ்ஸை அவளுடைய சந்து வழியாக மேட்டில் ஏற்றி, அந்தப் பக்கமாக நகரத்துக்கு இறக்கினார்கள். தற்காலிக ஸ்டாப்புக்கு, சிமென்ட் அடிக்கட்டை வைத்த ஒரு மஞ்சள் கம்பத்தைக் கொண்டுவந்து சரியாக அவள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

"தம்பி, எனக்குன்னே பஸ்ஸு விட்டிருக்காங்க, பாத்தியா!" என்று முதல் நாள் சிரித்துக்கொண்டே ஏறினாள். அவள் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சிரிப்பு சனிக்கிழமை வரைக்கும்தான் நின்றது. பஸ் ஸ்டாப் என்றால் ஆட்கள் நிற்பார்கள். ஆட்கள் நின்றால் சிகரெட் துண்டு, மிட்டாய்க் காகிதம், மூக்கு சிந்திய தாள் எல்லாம் விழும். அவள் பெருக்கி நிமிர்வதற்குள் இன்னொன்று விழும். அன்று மதியம் நான் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வரும்போது வால்புர்கா அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, அடிக்கட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி நகர்த்திக்கொண்டிருந்தாள். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை. மேட்டுப் பக்கம் இருந்த அடுத்த வீட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"என்னம்மா இது? ஸ்டாப் உங்களுக்குத்தானே வசதி?"

"ஒரு வீடு தள்ளித்தானேப்பா. நடந்துட்டுப் போறேன். குப்பைய ஸ்வெங்க் அள்ளட்டும்."

மேல் வீட்டுக்காரர் கெப்ஹார்ட் ஸ்வெங்க், ஓய்வுபெற்ற கணக்கர், லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவரும் பெருக்கினார், அவரும் தள்ளினார். ஆனால் வந்த பக்கம் திருப்பித் தள்ளவில்லை. வந்த பக்கம் தள்ளினால் அது சண்டை. அடுத்த பக்கம் தள்ளினால் அது நடைமுறை. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஸ்டாப் ஒரு வீடு மேலே ஏறியது.

நான் கன்ட்ரோல் ரூமில் சொல்லிப் பார்த்தேன்.

"கம்பம் நகருதுங்க."

"நகருதுன்னா? காலு மொளச்சிருக்கா?"

"ஆளுங்க தள்றாங்க."

"கம்பம் எங்க நிக்குதோ அங்க நிறுத்துப்பா. இதுல ஒனக்கு என்ன கொழப்பம்?"

குழப்பம் இல்லாமல் நிறுத்தினேன். பயணிகளும் குழப்பமில்லாமல் கம்பம் போன இடத்துக்கெல்லாம் போய் வரிசையாக நின்றார்கள். கோடை முடிவதற்குள் கம்பம் கடைசி வீட்டையும் தாண்டித் திராட்சைத் தோட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே பெருக்க ஆளில்லை, அதனால் தள்ளவும் ஆளில்லை. படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ் தாமதமானால் என்னைத்தான் முறைப்பார்கள். ஒருத்தராவது, "ஸ்டாப் ஏன்யா இங்க இருக்கு?" என்று கேட்டதில்லை.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட வால்புர்கா, அந்த மேடு முழுவதும் டப்பாவோடு ஏறி வந்தாள். வாரத்துக்கு வாரம் மூச்சு வாங்குவது அதிகமானது.

"ஸ்வெங்க்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். கம்பத்தை எறக்கித் தருவாரு."

"மொதல்ல தள்ளினவளே நான்தான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்க் கேக்கச் சொல்ற? செத்தாலும் கேக்கமாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்ன வீம்பு இது!

நவம்பரில் உறைபனி விழுந்தது. இரண்டு நாள் வால்புர்காவைக் காணவில்லை. மூன்றாம் நாள், பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிற நர்ஸ் யூலியானே பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒஸ்கார் தாத்தா ரெண்டு நாளா ஒரு வாய் வாங்கலண்ணே. இன்னிக்கும் வாங்கலன்னா டியூப் போட்டுருவாங்க. டியூப் போட்டுட்டா அப்புறம் வாயால சாப்பிடறது அவ்ளோதான்."

சந்துக்குள் திரும்பினேன். வால்புர்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் டப்பா. முன்னால் கண்ணாடி மாதிரி வழுக்கும் மேடு. அதில் ஏறிப் பார்த்து விழுந்திருக்கிறாள் என்று அவள் கோட்டிலிருந்த பனி சொன்னது. நான் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்கம்மா, சீக்கிரம்!"

அவள் இடமும் வலமும் பார்த்தாள். "கம்பம் எங்க?"

"கம்பம் கெடக்குது. நீங்க ஏறுங்க."

"ஸ்டாப் இல்லாத எடத்துல நான் எப்படிப்பா ஏறுவேன்?"

கடைக்குப் போய்விட்டு வீடு திரும்ப உள்ளே உட்கார்ந்திருந்த ஸ்வெங்க் எழுந்தார். "அந்தம்மா சொல்றது சரிதானே? கம்பம் இல்லாத எடத்துல நீ கதவத் தொறந்ததே தப்பு, ஹார்ட்முட்."

பஸ்ஸே தலையாட்டியது. யூலியானேவுக்குப் பொறுக்கவில்லை. "அங்க ஒரு மனுஷன் பட்டினி கெடக்காரு! நீங்க என்ன கம்பம் கம்பம்னு?"

"அதுக்காக?" என்றார் ஸ்வெங்க். பிறகு அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். வெளியே நின்றவளைப் பார்த்தார். "கம்பம் வேணும்னா, போய் எடுத்துட்டு வரவேண்டியதுதான்."

தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு பேர் பின்னால் போனார்கள். பஸ் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். வால்புர்கா வெளியிலேயே நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, "ஏறினா ஏறினதுதானே?" என்றாள். டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள், சூடு போகக்கூடாது என்று.

கடைசியில் மேட்டிலிருந்து கம்பத்தைச் சாய்த்து, அடிக்கட்டையைச் சக்கரமாக உருட்டிக்கொண்டு மூன்று பேரும் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தார்கள். ஸ்வெங்க் அதை வால்புர்காவின் கேட்டுக்கு எதிரே நிமிர்த்தி வைத்தார். இரைக்க இரைக்க மூச்சு விட்டதில், அவர் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்த சிகரெட் துண்டு நழுவி, அவள் பெருக்கி வைத்த நடைபாதையின் நட்டநடுவில் விழுந்தது.

ஸ்வெங்க் முகம் வெளுத்துப் போனது. வால்புர்கா அந்தத் துண்டைப் பார்த்தாள். மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். அவள் கை அந்தப் பக்கம் போனது.

பிறகு அந்தக் கையால் என் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தாள். சிகரெட் துண்டைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து ஏறினாள்.

"இனிமே இது இங்கயே நிக்கட்டும், ஸ்வெங்க்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். பிறகு என்னிடம், "என்னப்பா பாக்கற? வண்டிய எடு. எங்க ஒஸ்காருக்குப் பசிக்கும்."