உப்பளத்தில் மாமா ஆடிய ஞாயிற்றுக்கிழமை

என் அம்மாவின் தம்பிக்குக் கிரிக்கெட் ஆடுவதற்காகவே சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மெட்ராசில் ஒரு பெரிய கம்பெனியில் குமாஸ்தா என்று பெயர். காலையில் ஆபீசில் தலையைக் காட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். கம்பெனி அணிக்கு மட்டை பிடித்து ரன் எடுத்துக் கொடுப்பதுதான் உத்தியோகம்.

எங்கள் புதுச்சேரியோ கால்பந்து ஊர். பிரெஞ்சுக்காரன் ஆண்டவரைக்கும் கிரிக்கெட் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்டம். கடலூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது மாமா அந்த வியாதியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்பார் தாத்தா. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்த சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களை அவரால் விளையாட்டுக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் மெட்ராஸ் பத்திரிகையில் மகன் பெயர் வரத் தொடங்கியதும், கத்தரித்துத் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

1962இல் எனக்கு எட்டு வயது. அதற்கு முந்தின சீசனில் ஒரு பந்து மாமாவின் தாடையை உடைத்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். தாடை கூடியதும் மெட்ராசுக்குத் திரும்பினார். இனி மாகாண அணிதான், அதற்கப்புறம் இந்தியாதான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான் மாமாவின் கம்பெனி அணி எங்கள் ஊர் அணியோடு ஆட உப்பளம் மைதானத்துக்கு வந்தது. அடிபட்ட பிறகு மாமா ஆடப்போகும் முதல் ஆட்டம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாதி ஊர் மைதானத்துக்கு வந்துவிட்டது. தாத்தா கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

மாமா உள்ளே போனபோது எழுந்த கைதட்டலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பந்து போட்டவன், எங்கள் ஊர் அணி கடலூரிலிருந்து இரவல் வாங்கிவந்த ஒரு நெட்டையன். அவன் ஓடிவந்து முதல் பந்தைப் போட்டபோது மாமாவின் கால்கள் ஸ்டம்பை விட்டு விலகி ஒதுங்கின. மெட்ராசில் இப்படித்தான் ஆடுவார்கள் போலும் என்று நினைத்தேன்.

அடுத்த பந்து தரையில் பட்டு எழும்பியது. மாமா மட்டையைக் கீழே போட்டார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பந்து அவரை விட்டு ஓர் ஆள் தூரம் தள்ளிப் போயிருந்தது.

அத்தனை கூட்டத்தில் எங்கோ ஒருவன் சிரித்தான். என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. வலித்தது, ஆனால் சொல்லப் பயமாக இருந்தது. மாமா எழுந்து, மட்டையை எடுத்துக்கொண்டு, மறுபடியும் நின்றார். அதற்கடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பறந்தது. மாமா அப்போது ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே இல்லை.

எங்களைத் தாண்டித்தான் அவர் வெளியே போகவேண்டியிருந்தது. அழுதுகொண்டு வருவார் என்று நான் பார்த்தேன். அவர் முகம் பரீட்சை எழுதி முடித்து வெளியே வருகிற பிள்ளையின் முகம் போல இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை. தாத்தா அவரைப் பார்க்காமல் கோட்டுப் பித்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், ஜெயித்துவருகிற தம்பிக்காக அம்மா வாங்கிவைத்திருந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்துப் பரிமாறினார். ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாமாதான் பேசினார்.

"நான் பிரான்சுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த கப்பல்ல போறேன்."

ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருடம் அது. பிரெஞ்சுக் குடியாகவே இருக்க நினைப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று கெடு வைத்திருந்தார்கள். அந்த நாட்டின் சீருடையைப் போட்ட தாத்தாவே எழுதிக் கொடுக்கவில்லை. விடுதலையின்போது தெருத்தெருவாக இந்தியக் கொடி பிடித்து ஓடியவர் அப்பா. அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

தாத்தா, எப்போது எழுதிக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். போன மாதமே என்றார் மாமா. அப்படியென்றால் இந்த ஆட்டத்துக்கு முன்பே.

"மாகாண டீமுல எடுக்கப்போறாங்கன்னு சொன்னாங்களேடா?" என்றார் அம்மா.

"எடுத்துருவாங்கக்கா. அதனாலதான் போறேன்."

சொல்லிவிட்டு, மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"நீ அங்க எந்த டீமுக்கு ஆடுவ மாமா?" என்றேன்.

மாமா காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

"நீயே ஒரு நல்ல டீமாப் பாத்துச் சொல்லு பாப்பா."

கிரிக்கெட்டை ஒருவரும் சீந்தாத தேசம் எதுவென்று பார்த்து அவர் அதைத் தேர்ந்துகொண்டார் என்று எனக்கு யார் சொல்வது? மறுநாளே பள்ளிக்கூடத்தில், என் மாமா பிரான்சுக்காக ஆடப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். பாடம் நடத்திய கன்னியாஸ்திரி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

மாமா கப்பலேறிப் போனபிறகு, அப்பா படித்துப் போட்ட பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். ஆஸ்திரேலியா ஆடியது. வெஸ்ட் இண்டீஸ் ஆடியது. பிரான்சு ஆடிய செய்தி மட்டும் வரவேயில்லை. நம்மை இத்தனை காலம் ஆண்ட தேசம் என்கிற கோபத்தில்தான் மெட்ராஸ் பத்திரிகைக்காரர்கள் அதைப் போடாமல் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.