சாய்கல் உடைத்த பாஸ்தா

சாய்கலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். "எனக்கும்தான் உன்னைப் பிடிக்கல" என்பாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிஷ்கெக் நகரத்தின் ஓரத்தில், எங்கள் தெருவிலிருக்கும் தையற்கூடத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். நான் காலர் தைப்பேன், அவள் சட்டைக் கை தைப்பாள். தைத்ததெல்லாம் மாஸ்கோவுக்குப் போகும். அங்கே எத்தனையோ பெண்கள் இவள் தைத்த கைக்குள் கையை நுழைத்துக்கொண்டு திரிகிறார்கள். இவள் மட்டும் வருஷம் முழுக்க ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.

அவளுக்குக் கல்யாணம் ஆனது தாமதமாக. மாப்பிள்ளை தாலாய் என் பக்கத்து வீட்டுக்காரன், மினிபஸ் ஓட்டுகிறவன், மனைவியைப் பறிகொடுத்தவன். நல்லவன்தான், ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தாகமெடுத்துவிடும். அவனுக்கு அதினாய் என்று பதினொரு வயது மகள். அப்பனைவிட அழுத்தம். புதிதாக வந்தவளைச் "சாய்கல் அக்கா" என்று கூப்பிட்டாள். அதற்குமேல் பேச்சில்லை. போடுவதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"சண்டை போட்டாலாவது தேவலை" என்று சாய்கல் என்னிடம் சொன்னாள். "வாடகைக்கு வந்தவ மாதிரி இருக்கா."

"இருக்கிறது அவ வீடு. வாடகைக்கு வந்தது நீ" என்றேன். எனக்கு வாய் அப்படி.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. தபால் கொண்டுபோகும் பெண் ஒருத்தி பனிமலையில் தனியாக நடக்கிறாள். வழியில் குடிசைகள். குடிசையில் அடுப்பு மூட்டி, நீளக் குச்சி பாஸ்தா, பூண்டு, தக்காளி, பாலாடைக்கட்டி போட்டுச் சமைத்துச் சாப்பிட்டால் குளிர் விட்டுப்போகும், மறுபடி நடக்கலாம். சாய்கல் ஒருநாள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்டுவதற்கு ஒரு பட்டனை விட்டு விட்டு அழுத்த வேண்டுமாம். இவள் மிஷின் பெடலை மிதிப்பதுபோல ஒரேயடியாக அழுத்திப் பிடித்தாள். சட்டி கருகியது. மறுபடி கொடுத்தால் மறுபடி கருகியது. தபால்காரி பனியில் சுருண்டு விழுந்தாள்.

அதினாய் சிரித்துவிட்டாள். என் வீட்டுச் சுவர் வரைக்கும் கேட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியமென்றால் நிஜ அடுப்பில் அந்தச் சமையல். கறியில்லாமல் வெறும் மக்ரோனியா என்று நான் முகத்தைச் சுளித்தேன். ஒருதரம் சாப்பிட்டும் பார்த்தேன். பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, தக்காளியை நசுக்கிப் போட்டு, வெந்த குச்சிகளைப் புரட்டி எடுத்து, மேலே பாலாடைக்கட்டியைத் துருவிவிடுகிறார்கள். மோசமில்லை. ஆனால் அதைச் சாப்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மலைப்பக்கத்து ஊரான நரினிலிருந்து ராய்கான் வருவதாகத் தகவல் வந்தது. அதினாயின் அம்மாவுடைய அக்கா அவள். ஒரே தங்கையின் ஒரே பிள்ளை, மாற்றாந்தாய் கையில் வளர வேண்டாம், பள்ளி விடுமுறை முடிவதற்குள் கூட்டிப்போகிறேன் என்று தாலாயிடம் போனில் சொல்லிவிட்டாள். அவன் "ம்" என்றானாம். அந்த "ம்"முக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சாய்கல் அன்று ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்தாள். அவள் பிரித்துத் தைத்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"கேக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? நான் பெத்தவளா?" என்றாள்.

விருந்தன்று காலையிலேயே முற்றத்துக் கொப்பரையில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. இறந்துபோன மனைவியின் அக்காவென்றால் சாதாரண விருந்தாளியா? எந்த எலும்பை முதலில் வைப்பது என்பதில்கூடப் பிசகக் கூடாது. உதவிக்கு நான் போயிருந்தேன். அதினாய் வந்து நின்றாள்.

"பெரியம்மாவுக்கு இன்னிக்கு நம்ம பாஸ்தா செய்யலாம். மொதல்ல அதைத்தான் வைக்கணும்" என்றாள். பாலாடைக்கட்டி வாங்கக் கடைக்கு ஓடினாள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கறியில்லாததை முன்னால வச்சா அந்தம்மா செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடும், புள்ளையையும் கையோட இழுத்துக்கிட்டு" என்றேன் சாய்கலிடம்.

"இவ என்கிட்ட வாய்விட்டுக் கேட்ட மொத விஷயம் இது. எப்படி மாட்டேங்கிறது?"

கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு பாஸ்தாப் பொட்டலத்தைப் பிரித்து, குச்சிகளை ஒவ்வொரு பிடியாக எடுத்துப் படக் படக்கென்று உடைக்க ஆரம்பித்தாள். விரல் நகம் அளவுக்குப் பொடிப் பொடியாக. கொப்பரையிலிருந்து கொழுப்பு மிதக்கும் கறிச்சாற்றை மொண்டு வந்து அதில் வேகப் போட்டாள். நரின்காரர்களுக்குக் கறியையும் அதோடு வேகும் மாவுப் பட்டையையும் எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு மரியாதை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்போதுதான் பார்க்க உணவு மாதிரி இருந்தது.

அதினாய் திரும்பி வந்து மூடியைத் தூக்கினாள். உள்ளே பார்த்தாள், சாய்கலைப் பார்த்தாள்.

"ஏன் ஒடைச்சீங்க?"

"பெரியம்மாவுக்காகத்தான் கண்ணு. அவங்க ஊர்ல பொடியா இருந்தாத்தான் மரியாதை."

அதினாய் மூடியைத் திரும்பப் போட்டாள். பாலாடைக்கட்டியைத் துருவத் தொடங்கினாள். சாய்கல் என் பக்கம் திரும்பி, "போச்சு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

ராய்கான் வாட்டசாட்டமான பெண்மணி. வந்து உட்கார்ந்ததும் அறையே சின்னதாகிவிட்டது. முன்னால் வைத்த கிண்ணத்தைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தாள்.

"கறி வாசனை தெரு முனை வரைக்கும் அடிக்குது. என் கிண்ணத்துக்கு மட்டும் வழி தெரியலையா?" என்றாள். பிறகு சாய்கலைப் பார்த்து, "இந்தாம்மா, இந்தப் புள்ளைக்கு நீ போடுறது இதுதானா? பல்லில்லாத கெழவிக்குக் காய்ச்சின கஞ்சி மாதிரி?"

தாலாய் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான். சாய்கல் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அதினாய் முந்திக்கொண்டாள்.

"நான்தான் செய்யச் சொன்னேன் பெரியம்மா. நீளமா இருக்கணும் இது. முள்கரண்டியில சுத்திச் சுத்திச் சாப்பிடணும். இவங்களுக்கும் அது தெரியும். நீங்க நரின்லேருந்து வர்றீங்கன்னு கெடுத்துட்டாங்க. கஞ்சின்னு சொல்லாதீங்க."

ராய்கானின் கரண்டி நின்றது. ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொரு வாயும் சாப்பிட்டாள். "உப்பு சரியாத்தான் இருக்கு" என்று முனகினாள். பிறகு குரலை இறக்கி, வெல்லமாகக் குழைந்தாள்.

"சரி விடு. உங்கம்மா சின்ன வயசுல படுத்த அறையை வெள்ளையடிச்சு வச்சிருக்கேன் கண்ணு. புதுக் கட்டில் போட்டிருக்கேன். வேற என்ன வேணும், கேளு. எங்க வீட்டுப் பொண்ணு வயித்துப் புள்ளை நீ. நீ கேட்டு நான் இல்லேன்னா ஊரு காறித் துப்பும்."

எங்களில் அது அப்படித்தான். பெண் வயிற்றுப் பிள்ளை தாய்வீட்டாரிடம் வாய்விட்டுக் கேட்டதை மறுக்கக் கூடாது.

"எது கேட்டாலுமா?" என்றாள் அதினாய்.

"கட்டியிருக்கிற குதிரையைக் கேட்டாலும் அவுத்துக் குடுப்பேன்."

அதினாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னை இங்கேயே விட்டுடுங்க."

ராய்கானின் முகம் முதலில் சிவந்தது, பிறகு கோணியது. அவ்வளவு பெரிய பெண்மணி சின்னப் பிள்ளைபோல அழுதாள். "உன்கிட்ட இருக்கிற உங்கம்மா மூஞ்சிய நான் இனிமே எங்க போய்ப் பார்ப்பேன்?" என்றாள். அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்கத் தயாராக வந்திருந்த நானே ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அதினாய் எழுந்து போய் அவள் மடியில் சாய்ந்துகொண்டாள். "லீவுக்கு லீவு வர்றேன் பெரியம்மா."

"கேட்டுட்டே. குடுத்தாச்சு" என்று ராய்கான் முகத்தைத் துடைத்தாள்.

சாய்கலைக் காணோம். முற்றத்துக்குப் போனேன். கொப்பரைக்கு முன்னால் நின்று, கரண்டியைப் பிடித்தபடி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். தாலாய் பக்கத்தில் விறகுக் கட்டையோடு விழித்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து ராய்கானின் குரல் வந்தது. வந்ததிலிருந்து அவள் வாயில் "இந்தாம்மா"வைத் தவிர வேறு வரவில்லை. செத்துப்போனவளின் இடத்துக்கு வந்தவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனசு வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"தங்கச்சி! எங்க போயிட்டே? கறியை எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காரு."