தாளோடு ஒருமுறை, தாளில்லாமல் ஒருமுறை

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் அம்மா விட்டுப்போன தம்பிமார். அதில் இளையவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் இந்த நினைவு மலர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவளிடம் கட்டுரை கேட்கிறார்களே என்று மறுக்கப் பார்த்தேன். ஆனால் நான் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. இது அச்சாக முன்னர் சொல்லாவிட்டால் பிறகு ஏலாது.

தம்பி சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது நடக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டா. ஐயா, எங்கள் தகப்பன், கரைவலை இழுக்கிறவர். எனக்குப் பதினாறு வயது. பிறகு நான் கலியாணம் கட்டிப் போனபோதும் தம்பிமார் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன். தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஐயாவோடு கயிறு பிடிப்பார், கறிக்கு மீன் கொண்டுவந்து தருவார், அதற்குப் பிறகுதான் புத்தகம். இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்திலும் பரீட்சை எழுதினார். பிரதேச செயலகத்தில் வெளிக்கள உத்தியோகம் கிடைத்த அன்று, "என்ர பொடியன் இனிக் கதிரையில இருப்பான்" என்று ஐயா கரை முழுதும் சொல்லித் திரிந்தார். தம்பி மேசை கதிரையில் இருந்தது குறைவு. உத்தியோகம் முழுக்க வெயிலும் மோட்டார் சைக்கிளும்தான்.

வேலையில்லாதவர்களை வீடு வீடாகப் பதிவது கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் அவருடைய பொறுப்பு. தாளில் இரண்டு பெட்டி இருக்குமாம்: வேலை உண்டு, வேலை இல்லை. நான் சமைக்கும்போது என் குசினி வாசலில் இருந்துகொண்டு கேட்பார்: "அக்கா, கரைவலை இழுக்கிறவனை எந்தப் பெட்டியில போடுறது? மீன் பட்டால் வேலை, படாட்டி வெறுங்கை. புல்மோட்டையில மூண்டு மாசம் மண் அள்ளிப்போட்டு வந்து வீட்டில கிடக்கிறவனை எங்க போடுறது?" பெட்டிக்குள் அடங்காததையெல்லாம் 'குறிப்பு' என்ற இடத்தில் பொடி எழுத்தில் எழுதுவார். மேலதிகாரி ஒருவர், "இதென்ன, கதை எழுதுறீரோ?" என்று எல்லார் முன்னாலும் ஏசினாராம். "கதை இல்லை சேர், ஆக்கள்" என்றாராம் தம்பி.

சனம் முதல் தரம் கேட்டவுடன் உண்மை சொல்லாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காக ஒருவரையும் பொய்யர் என்று சொன்னதில்லை. "நிவாரணம் எண்டால் உழைக்கிறவனும் வேலை இல்லையெண்டுவான். பொம்பிளை வீட்டார் வந்திருக்கினம் எண்டால் சும்மா இருக்கிறவனும் உத்தியோகத்தன். வேலை இல்லை எண்டு வாயால சொல்லுறது லேசில்லை அக்கா, நாலு பேருக்கு முன்னால உடுப்பைக் கழட்டுற மாதிரி." அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தரம் போவார். முதலில் தாளோடு. ஒரு கிழமை, ஏழு நாள், கழித்துத் தாளில்லாமல், பிளேன்ரீ குடிக்க வந்தவர் போல. இரண்டாம் தரம் சொன்னதைத்தான் நம்புவார். அதன்படி தாளைத் திருத்திக் கையெழுத்து வாங்குவார். அந்த இரண்டாம் பயணம் சட்டத்தில் இல்லை. அது தம்பியின் சொந்தப் பெற்றோல்.

நான் சொல்ல வந்தது இனித்தான்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, தம்பி தாளோடு என் வீட்டுக்கு வந்தார். உழைப்பாளி இல்லாத வீடுகளில் இருந்து ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, அரசாங்க வேலையில் சேர்க்கும் திட்டம். என் மனிசன் அப்போது உயிரோடு இல்லை. கடைசி மகன் படித்து முடித்து மூன்று வருடமாகச் சும்மா இருந்தான். அவனுக்கென்றே வந்த திட்டம் போல இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து, மகனுக்குப் பேசின பெண்ணின் ஆட்கள் நிலாவெளியிலிருந்து வந்து முன் அறையில் இருந்தார்கள். மகன் கடற்கரைக்குப் போயிருந்தான். "அவனுக்குத் துறைமுகத்தில வேலை" என்று அப்போதுதான் அவர்களுக்குச் சொல்லி வாய் மூடியிருந்தேன்.

தம்பி படியில் நின்று கேட்டார்: "அக்கா, மருமகனுக்கு என்ன எழுத?"

"என்ன புதுசாக் கேக்கிறாய்? துறைமுகத்தில வேலை எண்டு எழுதன்."

தம்பி என்னைப் பார்த்தார். பெண்ணின் தகப்பன் சிரித்துக்கொண்டு, "தாய்மாமனுக்கே தெரியாதோ?" என்றார்.

"அரசாங்கக் கந்தோர் அலுவலில சொந்தம் பார்க்க ஏலாது ஐயா. வீட்டுக்காரர் சொல்லுறதைத்தான் எழுதுறது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் அடையாளம் போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். அன்றைக்கென்று என் பெயர் வடிவாக விழுந்தது.

ஒரு கிழமையில் தாளில்லாமல் வந்தார். ரீயைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு லிஸ்ற் மேல போகுது. வேற வீடெண்டால் எனக்குத் தெரிஞ்சதைக் குறிப்பில எழுதிப்போடுவன். இது என்ர அக்கா வீடு. நான் எழுதினால், மாமன் மருமகனுக்கு இடம் பிடிச்சான் எண்டு முழு லிஸ்ற்றையும் நிப்பாட்டிப்போடுவினம். நீங்கள் வாயால சொல்லவேணும். திருத்தி ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

பெண்வீட்டார் இன்னும் முடிவு சொல்லவில்லை. லிஸ்ற் செயலகச் சுவரில் ஒட்டப்படும் என்றும், அதை எல்லாரும் பார்ப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

"எழுதினது எழுதினதாக் கிடக்கட்டும்" என்றேன்.

"சொல்லுங்கோ அக்கா."

"நான் வளத்த பொடியன் நீ, எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ?"

ரீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. லிஸ்ற் மட்டும் வந்தது. எங்கள் தெரு ஒழுங்கையில் இரண்டு பொடியன்களின் பெயர் அதில் இருந்தது. மகன் தம்பியின் வீட்டு வாசலுக்குப் போய், "ஊரில உள்ளவனையெல்லாம் எழுதினீங்கள், சொந்த அக்கான்ர பிள்ளை உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையோ மாமா?" என்று கத்தினான். "என்ர கையாலதான் எழுதினது மருமகன். கோவம் எண்டால் என்னோட கோவி" என்றார் தம்பி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து மகன் அந்தப் படி மிதிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. முதலில் வெட்கம், பிறகு பயம். சொந்த மருமகனையே பார்க்காத கல்நெஞ்சன் என்று தம்பியை என் காதுபடச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு இருந்தேன். இப்போது மகனுக்கு அரசாங்க வேலைக்கு வயது கடந்துவிட்டது. கரைவலைக் கயிறு இழுக்கிறான். வெள்ளாமை வெட்டு வந்தால் கந்தளாய்ப் பக்கம் மூட்டை தூக்கப் போகிறான். கலியாணமும் கட்டவில்லை.

தம்பி பெஞ்சன் எடுத்து ஒரு வருடம்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில், போவதற்கு முதல்நாள் பின்னேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அக்கா, மருமகனுக்கு வேலை சரிவந்ததோ?"

"ஓம், ஓம். கிடைச்சிட்டுது."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. "கையெழுத்து வைப்பீங்களோ?"

அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

செத்தவீட்டில் மகன் வேலியோடு நின்றான். தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள், வரவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. தம்பியைக் கல்நெஞ்சன் என்று சொன்ன எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் மருமகனை விடவில்லை. இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான்தான் மறைத்தேன். நான் இருப்பது அந்த மகனோடுதான். இதைக் கேட்டபிறகு அவன் எனக்கு முகம் தருவானோ, சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவானோ, தெரியாது. அவன் மற்றவர்களின் கையில் இந்த மலரைப் பார்த்து அறியக்கூடாது.

தம்பியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய கிண்ணியா வான்காரருக்கும், ஆஸ்பத்திரி வாட்டில் முறைவைத்து நின்ற பிள்ளைகளுக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்து சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தம்பியின் மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கைகூப்புகிறேன். நான் சொல்லச் சொல்ல, ஒரு கேள்வியும் கேட்காமல் இதை எழுதின என் மூத்த மகனின் மகளுக்கும்.

பிள்ளை, இதையும் எழுது. அச்சகத்துக்குக் குடுக்க முதல் ஒருக்கா வாசி. இங்க இல்லை, வெளிவாசலுக்கு வா. உன்ர கடைசிச் சித்தப்பா எங்கட முற்றத்தில பந்தல்காலுக்குக் கிடங்கு வெட்டுறான். கையில இருக்கிற அலவாங்கை வைச்சிட்டு வந்து இருக்கச் சொல்லு. முதல் வரியில இருந்து வாசி. சத்தமா வாசி.