மாசியில் ஓர் ஏதென்ஸ்காரர்

உடைந்த டைல் கையில் கிடைத்தால் தியாகலிங்கம் அதைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். பென்ரோஸ் டைல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு உடைசலுக்குப் பஞ்சமில்லை. பாதி அவரே உடைத்தது. அந்த நேரத்தில் மனம் ஸ்பார்ட்டாவில் இருந்திருக்கும்.

கிரேக்கத்துக்கு அவர் போனதே இல்லை. "ஃபிஜி மட்டும்தான் போனனான், அதுவும் மலிவு டிக்கெட்டில" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். நூலகத்தில் பொழுதுபோகாமல் எடுத்த ஒரு தடித்த புத்தகம் ஆளைப் பிடித்துக்கொண்டது. தேர்தல் கிரேக்கருடையது, நாடகம் அவர்களுடையது, மருத்துவர் எடுக்கும் சத்தியம்கூட அவர்களுடையது. தான் குடியிருக்கும் மாசி என்ற புறநகரில், புதிதாக எழும்பிய ஒரு வீட்டு வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்களைக் கண்டு காரை நிறுத்தி, ஒன்றைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் பொள்ளல். வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன வேண்டும் என்றார். "கிரேக்கத் தூண் எண்டு நினைச்சன்" என்பதை எந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் கள்ளன் சொல்வதுபோலத்தான் இருக்கும் என்று அன்று கண்டுகொண்டார்.

வீட்டில் குணவதி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர். "இஞ்சாருங்கோ, கிரேக்கரும் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பினம். சோறு ஆறுது" என்பார்.

மாசித் தமிழர் ஒன்றுகூடலில் மாதந்தோறும் அவருக்கு மைக் கிடைக்கும். கிரீட் தீவில் தொடங்கிய பேச்சு இப்போது சாக்ரடீசின் வாசலுக்கு வந்திருக்கிறது. அந்த மனிதர் நஞ்சுக் கிண்ணத்தைக் கையில் வாங்கும் கட்டத்தைச் சொல்லத்தான் தியாகலிங்கம் இவ்வளவு தூரம் நடந்தார். இடைஞ்சல், பாட்டுப் பாடும் சற்குணம். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். தியாகலிங்கத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. ஏதென்ஸ்காரர் ஊருக்குப் பாரமாகிவிட்டவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் எழுதுவார்கள். அதிகம் பேர் எழுதியவர் பத்து வருடம் ஊரைவிட்டுப் போகவேண்டும். மாசிக்கு, ஒரு வருடம் மைக்கைவிட்டுப் போனால் போதும். சொன்னதும் எல்லோரும் கைதூக்கினார்கள். சற்குணமும் தூக்கினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வாக்கெடுப்பு நாளில் டைல் துண்டுகளைப் பரப்பிவைத்து விதிகளை அவரே அறிவித்தார். "பேரைத் தமிழில எழுதுங்கோ. மினுக்கமான பக்கத்தில எழுதாதேயுங்கோ, விரல் பட்டா அழிஞ்சுபோம். பின்பக்கத்தில எழுதினா ஏழு சென்மத்துக்கும் போகாது."

எழுதியவர்கள் அவரைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார்கள். தியாகலிங்கம் கழுத்தை நீட்டி மனைவியின் துண்டைப் பார்த்தார். குணவதி எழுதிய பெயர் சற்குணத்தைவிட நீளம் என்பது தூரத்திலேயே தெரிந்தது.

"ஆரை எழுதினனீர்?"

"ரகசிய வாக்கெடுப்பு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பிந்தி வந்த ஒரு பெண் துண்டோடு அவரிடம் வந்தாள். ஒன்றுகூடலுக்குத் தவறாமல் வரும் ரதிதேவியின் புது மருமகள் பிரணவி, ஹாமில்டனில் பிறந்து வளர்ந்தவள்.

"அங்கிள், சொரி, எனக்குத் தமிழ் எழுத வராது. ஒரு நேம் எழுதித் தாறீங்களா?"

"ஆரின்ர பேர், பிள்ளை?"

"தியாகலிங்கம்."

மார்க்கரின் மூடி கீழே விழுந்தது. "அந்த ஆள் உமக்கு என்ன செய்தவர்?"

"ஒண்டும் இல்ல. ஆளை எனக்குத் தெரியாது. மாமி சொன்னவ, நல்ல மனுசனாம், ஆனா மைக் கிடைச்சா நிப்பாட்டமாட்டாராம்."

ஏதென்ஸிலும் இப்படித்தான் எழுதத் தெரியாத ஒருவன், ஆள் இன்னாரென்று தெரியாமல், ஒரு பெரிய மனிதரிடமே அவர் பெயரை எழுதித்தரச் சொன்னானாம். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொடுத்தாராம். போன மாதம் மைக்கில் அதைச் சொன்னபோது தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. இப்போது கலங்கவில்லை, கோபம்தான் வந்தது. சற்குணம் என்று எழுதினால் இந்தப் பிள்ளைக்குத் தெரியவா போகிறது? சாக்ரடீஸ் வேறு இன்னும் நஞ்சு குடிக்காமல் காத்திருக்கிறார்.

பிரணவி நீட்டிய துண்டில் மினுக்கமான பக்கம் மேலே இருந்தது. அதன்மேல் மார்க்கரை வைத்தவர் சற்று நின்றார். பிறகு துண்டைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் பெயரை எழுதத் தொடங்கினார்.